அக்கவுண்ட்டில் விழும் பணம் எல்லாம் நம்ம பணமா? மலையில் இருந்து வேலை பார்க்கும் ஃப்ரீலான்சர்களுக்கு ஒரு வரிக் கணக்கு

பெருமாள்மலையில் ஒரு வாடகை வீடு. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. மேஜையில் லேப்டாப். மழை வந்தால் கரன்ட் போய்விடும் என்பதால் பக்கத்திலேயே ஒரு இன்வெர்ட்டர். பெங்களூரு ஐடி வேலையை விட்டுவிட்டு, கான்ட்ராக்ட்டில் சாஃப்ட்வேர் எழுதும் ஒரு பெண் அங்கே இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போன மாதம் பெங்களூரு கிளையன்ட்டுக்கு ஒரு லட்ச ரூபாய் ஃபீஸ் போட்டு பில் அனுப்பினார். இன்று காலை மொபைலில் மெசேஜ்: 1,08,000 ரூபாய் வரவு.

ஃபீஸ் ஒரு லட்சம்தானே, எட்டாயிரம் எப்படிக் கூட வந்தது? அதில் அவருடையது எவ்வளவு? இந்த இரண்டு கேள்விக்கும் பட்டென்று பதில் சொல்ல முடிந்தால், நீங்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டியதில்லை.

கொரோனாவுக்குப் பிறகு கொடைக்கானல், வட்டக்கானல், பூம்பாறை பக்கம் வந்து தங்கி வேலை பார்ப்பவர்களைப் பரவலாகப் பார்க்க முடிகிறது. உள்ளூர்ப் பிள்ளைகளும் மலையை விட்டு இறங்காமலே டிசைன், கோடிங், வீடியோ எடிட்டிங் என்று வெளியூர் கம்பெனிகளுக்கு வேலை செய்கிறார்கள். சுதந்திரம் இருக்கு, குளிர் இருக்கு, டிராஃபிக் இல்லை. ஆனால் சம்பளத்தில் வரியைப் பிடித்து, பிஎஃப் போட்டு, ஃபார்ம்-16 கையில் கொடுத்த ஹெச்ஆர் டிபார்ட்மென்ட்டும் இல்லை. அந்த வேலையையும் இனி நாமதான் பார்க்கணும்.

(கீழே உள்ள கணக்குகள் 2025-26 நிதியாண்டுக்கானவை. வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வரும் தேதி 2026 ஏப்ரல் 1. அதன்பின் பிரிவு எண்கள் மாறும், ‘நிதியாண்டு, மதிப்பீட்டு ஆண்டு’ குழப்பம் போய் ‘வரி ஆண்டு’ என்ற ஒரே சொல் வரும்.)

அந்த 1,08,000 ரூபாயில் நம்மது எவ்வளவு?

பில்லைப் பிரித்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

ஃபீஸ்: 1,00,000 ரூபாய்
ஜிஎஸ்டி 18%: 18,000 ரூபாய்
பில் மொத்தம்: 1,18,000 ரூபாய்
கிளையன்ட் பிடித்த டிடிஎஸ் 10%: 10,000 ரூபாய்
அக்கவுண்ட்டுக்கு வந்தது: 1,08,000 ரூபாய்

இதில் 18,000 ரூபாய் அரசாங்கத்தின் பணம். நாம் வசூல் செய்து கொடுக்கும் ஏஜென்ட் மட்டும்தான். அடுத்த மாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும்போது அதைக் கட்டியாக வேண்டும். தொழிலுக்காக வாங்கிய லேப்டாப், சாஃப்ட்வேர் சந்தா போன்றவற்றுக்கு நாம் ஏற்கெனவே செலுத்திய ஜிஎஸ்டியை மட்டும் அதில் கழித்துக்கொள்ளலாம்.

டிடிஎஸ் 10,000 ரூபாய் கதை வேறு. அது காணாமல் போன பணம் இல்லை. நம்முடைய பான் எண்ணில் கிளையன்ட் கட்டி வைத்திருக்கும் வரி. ஒரு கிளையன்ட் வருடத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் கொடுத்தால், பிரிவு 194ஜே-ன்படி 10% பிடிப்பார். தொழில்நுட்ப சேவை என்று வகைப்படுத்தினால் 2%. பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால், ஃபீஸ் தொகைக்கு மட்டும்தான் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். ஜிஎஸ்டி மேலேயும் சேர்த்துப் பிடித்திருந்தால் கேட்டுத் திருத்தச் சொல்லுங்கள்.

பிடித்ததைக் கட்டினார்களா என்று எப்படித் தெரியும்? வருமான வரித் துறை இணையதளத்தில் உள்ள படிவம் 26ஏஎஸ், ஏஐஎஸ் இரண்டையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். பிடித்த தொகை அதில் இல்லை என்றால் உடனே கிளையன்ட்டுக்கு மெயில் அனுப்புங்கள். ரிட்டர்ன் போடும் கடைசி நாளில் தேடினால் சிக்கல்தான்.

நீங்கள் உண்மையிலேயே கான்ட்ராக்டரா?

காலை 9 முதல் மாலை 6 வரை லாகின், லீவுக்கு மேனேஜரிடம் அனுமதி, வேறு கிளையன்ட் எடுக்கக் கூடாது. ஆனால் ஒப்பந்தத்தில் ‘கன்சல்டன்ட்’. பிஎஃப் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, 10% டிடிஎஸ் மட்டும். இளைஞர்கள் பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பெயர்ப் பலகையைப் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்வதில்லை. 1950-களிலேயே த்ராங்கத்ரா உப்பளத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. என்ன வேலை என்பதை மட்டுமல்ல, அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றது. உற்பத்திக் கணக்கில் கூலி வாங்கிய அந்தத் தொழிலாளர்கள் ஒப்பந்தக்காரர்கள் அல்ல, தொழிலாளர்களே என்று தீர்ப்பு வந்தது. ஆக, ‘கன்சல்டன்ட்’ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அதில் பிஎஃப், இன்ஷூரன்ஸ், லீவு எல்லாம் இல்லை என்பதைக் கணக்கில் வைத்து ஃபீஸ் பேசுங்கள். பழைய சம்பளத்தையே ஃபீஸாக வாங்கினால், அது உண்மையில் சம்பளக் குறைப்பு.

44ஏடிஏ: சின்னத் தொழிலுக்குக் கிடைத்த குறுக்குவழி

டாக்டர், வக்கீல், இன்ஜினீயர், ஆர்க்கிடெக்ட், கணக்காளர், தொழில்நுட்ப ஆலோசகர், இன்டீரியர் டிசைனர், தகவல் தொழில்நுட்பத் தொழில் செய்பவர் போன்றவர்களுக்கு, வருமான வரிச் சட்டம் பிரிவு 44ஏடிஏ என்ற எளிய வழியைக் கொடுத்திருக்கிறது. வருட வரவு 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், அதில் குறைந்தது பாதியை லாபமாகக் காட்டினால் போதும். ரொக்கமாக வாங்கியது மொத்த வரவில் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் இந்த வரம்பு 75 லட்சம். மீதிப் பாதி செலவு என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். டீக்கடை பில் முதல் இன்டர்நெட் பில் வரை சேர்த்து வைத்து நிரூபிக்கத் தேவையில்லை.

நம்ம பெருமாள்மலைக்காரரின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வருடத்துக்கு பெங்களூரு கிளையன்ட்டிடம் இருந்து 14 லட்சம், அமெரிக்க கிளையன்ட்டிடம் இருந்து 10 லட்சம். மொத்தம் 24 லட்சம். 44ஏடிஏ-படி லாபம் 12 லட்சம். புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5%, அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10%. ஆக 20,000 + 40,000 = 60,000 ரூபாய். 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 60,000 ரூபாய் வரை தள்ளுபடி உண்டு என்பதால், கட்ட வேண்டிய வரி பூஜ்யம். பெங்களூரு கம்பெனி பிடித்த டிடிஎஸ் 1,40,000 ரூபாயும் ரீஃபண்டாகத் திரும்பி வரும். ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான் வரும்.

‘அப்போ வரியே இல்லையா, சூப்பர்!’ என்று சொல்வதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

ஒன்று, அந்த 12 லட்சத்தில் ஃபிக்சட் டெபாசிட் வட்டியும் சேரும். அவருக்கு வட்டியாக 30,000 ரூபாய் வந்தால் மொத்தம் 12.3 லட்சம். எல்லையைத் தாண்டிய 30,000 அளவுக்கே வரி என்ற சலுகை இருக்கிறது. ஆனால் அந்த 30,000 முழுவதும் வரியாகப் போகும். 4% செஸ் சேர்த்து 31,200 ரூபாய்.

இரண்டு, சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலையான கழிவு ஃப்ரீலான்சருக்குக் கிடையாது. ‘12.75 லட்சம் வரை வரி இல்லை’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது நமக்கான செய்தி இல்லை.

மூன்று, வீட்டுக் கடன். மேனேஜர் ரிட்டர்னைத்தான் கேட்பார். அதில் வருமானம் 24 லட்சம் இல்லை, 12 லட்சம். கடன் தகுதியும் அதை வைத்துத்தான்.

பாதிக்கும் மேல் உண்மையான செலவு இருக்கிறது, அதனால் 50 சதவீதத்துக்குக் குறைவாக லாபம் காட்டப்போகிறீர்கள் என்றால் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் ஆடிட்டும் கட்டாயம். 44ஏடிஏ-வில் வருபவர்களுக்கு ஐடிஆர்-4, கணக்குப் புத்தகம் வைத்து வருபவர்களுக்கு ஐடிஆர்-3. பழைய வரி முறைதான் லாபம் என்று கணக்குப் போட்டவர்கள் படிவம் 10-ஐஇஏ தாக்கல் செய்ய வேண்டும். தொழில் வருமானம் உள்ளவர்கள், சம்பளக்காரர்களைப் போல ஒவ்வொரு வருடமும் மாறி மாறித் தேர்வு செய்ய முடியாது.

மார்ச் 15-ஐ மறந்தால்?

வருடத்துக்கான வரியில் டிடிஎஸ் போக மீதி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், வருடம் முடியும் முன்பே முன்கூட்டிய வரி கட்ட வேண்டும். பொதுவாக ஜூன் 15-க்குள் 15%, செப்டம்பர் 15-க்குள் 45%, டிசம்பர் 15-க்குள் 75%, மார்ச் 15-க்குள் முழுவதும். 44ஏடிஏ-வில் வருபவர்களுக்கு ஒரே தவணை: மார்ச் 15.

வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு மட்டும் வேலை செய்பவர்கள் மாட்டுவது இங்கேதான். டாலர் முழுசா வரும், இந்திய டிடிஎஸ் ஒரு பைசா பிடிக்க மாட்டார்கள். வரவு 36 லட்சம் என்றால் லாபம் 18 லட்சம். வரி 1,60,000, செஸ் சேர்த்து 1,66,400 ரூபாய். மார்ச் 15-ஐக் கோட்டைவிட்டு ஜூலையில் கட்டினால், ஏப்ரல் முதல் மாதத்துக்கு 1% வீதம் 4 மாத வட்டி, தவணை தவறியதற்கு இன்னொரு 1%. மொத்தம் 8,320 ரூபாய் தண்டம். அதைவிடப் பெரிய கஷ்டம், ஜூலையில் 1.66 லட்சத்தை ஒரே நாளில் புரட்டுவது. அதற்குள் அந்தப் பணம் பைக்காகவோ கேமராவாகவோ மாறியிருக்கும்.

ஜிஎஸ்டி: ஹோம்ஸ்டே வருமானமும் சேரும்

சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 20 லட்சத்துக்குள் இருப்பவர்கள் வேறு மாநில கிளையன்ட்டுக்கு சேவை கொடுத்தாலும் பதிவு தேவையில்லை.

இங்கே கொடைக்கானல்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்த 20 லட்சம் ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனி அல்ல. ஒரு பான் எண்ணின் கீழ் நாடு முழுவதும் வரும் எல்லா வரவும் சேர்த்து. கோடிங்கில் 16 லட்சம், சீசனில் மாடி ரூமை ஹோம்ஸ்டேவாக விட்டதில் 5 லட்சம் என்றால், தனித்தனியாக எதுவும் வரம்பைத் தாண்டவில்லை. சேர்த்தால் 21 லட்சம். பதிவு செய்தாகணும். வெளிநாட்டு கிளையன்ட்டிடம் வந்த தொகையும் இந்தக் கூட்டலில் உண்டு.

பதிவு செய்த பிறகு, வேலையே இல்லாத காலத்துக்கும் ‘நில்’ ரிட்டர்ன் போட வேண்டும். தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், நில் ரிட்டர்னுக்கு 20 ரூபாய். கட்டாத வரிக்கு வருடத்துக்கு 18% வட்டி.

வெளிநாட்டு கிளையன்ட்டுக்குச் செய்யும் வேலை ஏற்றுமதிக் கணக்கு, ஜிஎஸ்டி பூஜ்யம். ஆனால் வரி கட்டாமல் பில் போட ‘எல்யூடி’ என்ற உறுதிமொழியை ஜிஎஸ்டி தளத்தில் ஒவ்வொரு நிதியாண்டும் புதுப்பிக்க வேண்டும். பணம் வெளிநாட்டில் இருந்து வந்ததற்கான வங்கிச் சான்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

காப்பித் தோட்டம் இருக்கா?

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் வீட்டில் காப்பியும் அவகாடோவும் இருக்கும், பிள்ளை லேப்டாப்பில் வேலை பார்ப்பார். தோட்டம் அவர் பெயரில் இருந்தால் அதற்கும் கணக்கு உண்டு.

விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் அது 5,000 ரூபாயைத் தாண்டினால், மற்ற வருமானத்துக்கு எந்த விகிதத்தில் வரி என்று கணக்கிட அதையும் சேர்ப்பார்கள். ஐடிஆர்-4 படிவத்தையும் பயன்படுத்த முடியாது. காப்பிக்குத் தனி விதி உண்டு. பழமாகவே விற்றால் முழுவதும் விவசாய வருமானம். விளைவித்தவரே பதப்படுத்தி விற்றால் அந்த வருமானத்தில் 25% வரிக்கு உட்பட்டது. வறுத்து அரைத்து பாக்கெட் போட்டு விற்றால் 40%. இன்ஸ்டாகிராமில் ‘எங்க தோட்டத்து காப்பித் தூள்’ விற்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிளையன்ட் பணம் தரவில்லை என்றால்?

வரியைவிட ஃப்ரீலான்சரின் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். பில் போட்ட தேதியை வைத்து ஜிஎஸ்டி கட்ட வேண்டும். கிளையன்ட் மூன்று மாதம் இழுத்தடித்தால், அந்த 18,000 ரூபாயைக் கைக்காசில் இருந்து கட்ட வேண்டிவரும்.

இதற்கு ஒரு ஆயுதம் இருக்கிறது. உத்யம் பதிவு. இணையத்தில், ஆதார் எண்ணை வைத்து, இலவசமாகச் செய்யலாம். 2006-ம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். ‘90 நாள் கிரெடிட்’ என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் 45 நாள்தான் எல்லை. தாண்டினால், ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். தனி ஆளும் பதிவு செய்யலாம். வேலையை ஏற்கும் முன்பே பதிவு செய்துவிடுவது நல்லது.

கிளையன்ட்டின் அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. பிரிவு 43பி(எச்)-ன்படி, காலக்கெடு தாண்டி நிலுவையில் நிற்கும் தொகையை, அதைக் கட்டும் வரை அந்தக் கம்பெனி செலவாகக் கழிக்க முடியாது. பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சிடுவது இதற்காகத்தான். வெளிநாட்டு கிளையன்ட்டிடம் இது செல்லாது; அங்கே அட்வான்ஸ் வாங்குவதுதான் வழி.

பெரிய வேலையை ஏற்கும் முன், கம்பெனியின் நிதி நிலையையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில், எந்த இந்திய கம்பெனியின் அடிப்படை விவரத்தையும் தேடலாம். 100 ரூபாய் கட்டினால் அது தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கலாம். பேலன்ஸ் ஷீட் முழுக்கப் புரிய வேண்டாம். நாலு இடத்தைப் பாருங்கள்:

• கடைசியாக எந்த ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்திருக்கிறார்கள்? இரண்டு வருடம் விட்டிருந்தால் எச்சரிக்கை.
• கையிருப்பும் வங்கி இருப்பும் எவ்வளவு?
• ‘டிரேட் பேயபிள்ஸ்’ பகுதியில், சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பாக்கி தனியாகக் காட்டப்பட்டிருக்கும்.
• அந்தப் பாக்கி எத்தனை நாள் பழையது? ஒரு வருடத்துக்குள், 1-2 வருடம், 2-3 வருடம், அதற்கு மேல் என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்பது இப்போது விதி.

கடைசிக் கட்டத்தில் பெரிய தொகை நிற்கிறது என்றால், நம்ம பில்லும் அங்கே போய் உட்கார வாய்ப்பு அதிகம். லாபம் காட்டும் கம்பெனியும் சப்ளையருக்கு இழுத்தடிக்கலாம். அது இந்த இடத்தில்தான் தெரியும்.

நாமே ஒரு கம்பெனி ஆரம்பிச்சா?

‘பிரைவேட் லிமிடெட் போட்டா வரி மிச்சம்’ என்று யாராவது சொல்வார்கள். கம்பெனிக்கு 44ஏடிஏ கிடையாது, எல்எல்பி-க்கும் கிடையாது. கம்பெனியின் வரவு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஆடிட் கட்டாயம். சலுகை விகிதமான 22 சதவீதத்தைத் தேர்ந்தெடுத்தாலும், சர்சார்ஜ், செஸ் சேர்த்து 25.17% வரி. முக்கியமாக, கம்பெனியின் பணம் நம்ம பணம் ஆகாது. சம்பளமாகவோ டிவிடெண்டாகவோதான் எடுக்க முடியும். இரண்டுக்கும் நம் கையில் வரி உண்டு. கூட்டாளிகள், முதலீடு, ஊழியர்கள் என்று தொழில் வளரும்போது கம்பெனி அவசியம். ஒரு ஆள், ஒரு லேப்டாப் என்றால் தனிநபராகவே இருப்பது பெரும்பாலும் லாபம்.

இன்னொரு சின்ன வரியையும் மறக்க வேண்டாம். தமிழ்நாட்டில் தொழில் வரியை உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒரு முறை வசூலிக்கின்றன. சுயதொழில் செய்பவர்களுக்கும் உண்டு. கொடைக்கானலில் நகராட்சி, பண்ணைக்காட்டில் பேரூராட்சி. அரசியல் சாசனப்படி வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகாது.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

• இரண்டாவது வங்கிக் கணக்கு ஒன்று திறங்கள். ஒவ்வொரு பில் பணம் வந்ததும் ஜிஎஸ்டி முழுவதையும் அதற்கு மாற்றுங்கள். வெளிநாட்டுப் பணம் என்றால், வரவுக்கு ஏற்றபடி 5 முதல் 10 சதவீதத்தை வரிக்காக ஒதுக்குங்கள்.
• 26ஏஎஸ், ஏஐஎஸ் இரண்டையும் உங்கள் பில்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.
• எல்லாத் தொழில் வரவையும் கூட்டி, 20 லட்சத்துக்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.
• உத்யம் பதிவு செய்து, எண்ணை பில்லில் சேருங்கள்.
• மார்ச் 15-க்கு மொபைலில் அலாரம் வையுங்கள்.
• வருமான வரித் தளத்தில் உள்ள மெயில், மொபைல் எண் இப்போது பயன்படுத்துவதுதானா என்று சரிபாருங்கள். நோட்டீஸ் இப்போது மெயிலுக்கும் தளத்துக்கும்தான் வருகிறது. பழைய ஆபீஸ் மெயிலைக் கொடுத்திருந்தால் தெரியாமலே கெடு முடிந்துவிடும்.
• பிஎஃப் இல்லை என்பதால் ஆறு மாதச் செலவுக்கான பணம், சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீடு, ஓய்வுக்கால சேமிப்பு மூன்றையும் தொடங்குங்கள்.

கொடைக்கானலில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. ஏப்ரல், மே சீசனில் கல்லா நிறையும். ஆனால் அதில் கடை வாடகை, மொத்த வியாபாரிக்குத் தர வேண்டியது, ஆளே வராத மழைக்காலச் செலவு எல்லாம் அடங்கியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். எடுத்து வைத்துவிட்டு மீதியில்தான் கை வைப்பார்கள். லேப்டாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கும் அதே கணக்குதான். இன்று காலை வந்த 1,08,000 ரூபாயில் 18,000-ஐ உடனே வேறு கணக்குக்கு மாற்றிவிட்டால், அடுத்த மாதம் ஜிஎஸ்டி தேதி வரும்போது பெருமாள்மலையில் யாரும் பதற வேண்டியதில்லை.